நீரைப் பிரிக்கும் மலிவான உலோகங்கள்



35 ஆண்டுகள் கல்லூரியில் ரசாயனம் கற்பித்தவன் நான். ஆண்டின் தொடக்கத்தில், புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு நான் முதலில் காட்டும் சோதனை எப்போதும் ஒன்றுதான். இரு கைகளை மேலே நீட்டியது போன்ற வடிவமுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்றில் நீரை நிரப்புவேன். மின்சாரம் எளிதில் ஓடுவதற்காகச் சில சொட்டுக் கந்தக அமிலம் சேர்ப்பேன். குழாயின் இரு கைகளின் அடியிலும் சிறிய பிளாட்டினத் தகடுகள் இருக்கும். அவற்றை மின்கலத்துடன் இணைத்ததும், இரண்டு தகடுகளிலிருந்தும் முத்துக் கோத்தாற்போலக் குமிழிகள் எழும். ஒரு கையில் சேரும் வாயு, மற்றக் கையில் சேருவதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். மிகுதியாகச் சேர்ந்த வாயுவின் அருகே எரியும் குச்சியைக் கொண்டுபோனால், 'பட்' என்ற ஓசையுடன் அது பற்றிக்கொள்ளும். அது ஹைட்ரஜன். மற்ற வாயுவில் அணையும் நிலையிலுள்ள குச்சியைக் காட்டினால், குச்சி மீண்டும் சுடர்விட்டு எரியும். அது ஆக்ஸிஜன்; பழைய பாடநூல்கள் பிராணவாயு என்று அழைத்தது இதனையே.

இச்சோதனை முடிந்ததும் எந்த ஆண்டிலும் தவறாமல் ஒரு கேள்வி எழும். "ஐயா, தண்ணீரிலேயே எரிவாயு இருக்கும்போது நாம் ஏன் நிலக்கரியையும் எண்ணெயையும் தேடி அலைய வேண்டும்?" என்று யாரேனும் ஒரு மாணவர் கேட்பார். நல்ல கேள்வி. அதற்கு விடையாக இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, நீரைப் பிரிக்க ஆகும் செலவைப் பற்றியது. மற்றொன்று, குழாயின் அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் அந்தப் பிளாட்டினத் தகடுகளைப் பற்றியது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இவ்விரண்டுமே.

முதலில் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1766-இல் ஹென்றி காவெண்டிஷ் என்ற ஆங்கிலேயர், உலோகங்களை அமிலத்தில் இட்டால் எழும் ஒரு வாயுவை ஆராய்ந்து, அது தனித்தன்மை உடையது என்று காட்டினார். எளிதில் தீப்பற்றும் காற்று என்பது அவர் அதற்கு இட்ட பெயர். அது எரிந்தால் நீர் உண்டாகிறது என்பது பின்னர் விளங்கியது. ஆகவே 'நீரைத் தோற்றுவிப்பது' என்னும் பொருள்படும்படி லவாய்சியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அதற்கு ஹைட்ரஜன் என்று பெயர் சூட்டினார். 1800-ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்ட்டா மின்கல அடுக்கைக் கண்டுபிடித்த செய்தி லண்டன் மாநகருக்கு எட்டியது. உடனே நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் அதுபோன்ற அடுக்கொன்றைச் செய்து, அதன் கம்பிகளை நீரில் இட்டுப் பார்த்தனர். முதலில் பித்தளைக் கம்பிகளை இட்டார்கள். ஒரு கம்பியில் ஹைட்ரஜன் எழுந்தது. மற்றக் கம்பி அரிக்கப்பட்டுப்போயிற்று. பிறகு பிளாட்டினக் கம்பிகளை இட்டார்கள். இப்போது இரு கம்பிகளிலும் வாயு எழுந்தது. கம்பிக்கு யாதொரு சேதமும் இல்லை. மின்கல அடுக்கால் நீர் பிரிக்கப்பட்ட அந்தச் சோதனையிலேயே பிளாட்டினம் வந்து அமர்ந்துவிட்டது என்பதை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

இனிச் செலவுக் கணக்கு. நீர் ஒரு எரிபொருள் அன்று. அடுப்பில் எரிந்து முடிந்த சாம்பலைப்போல், ஹைட்ரஜன் எரிந்து முடிந்த நிலையே நீர். சாம்பலை மறுபடியும் விறகாக்குவது எத்தகைய வேலையோ, அத்தகைய வேலையே நீரை ஹைட்ரஜனாக்குவதும். ஒரு கிலோகிராம் ஹைட்ரஜனுக்கு 9 கிலோகிராம் நீர் போதும். ஆனால் மின்சாரமும் வெப்பமுமாகச் சேர்த்துக் குறைந்தது 39 யூனிட் ஆற்றலை அதற்குக் கொடுத்தாக வேண்டும். இது இயற்கை விதித்த விலை. எவராலும் இதைக் குறைக்க இயலாது. நடைமுறையில் ஆலைகள் செலவிடுவதோ 50 யூனிட்டுக்கும் மேல். இடையிலுள்ள இந்த வேறுபாடு இயற்கை விதித்தது அன்று. நம் திறமைக் குறைவால் நேர்வது.

இவ்வளவு செலவிட்டு ஹைட்ரஜன் எதற்கு என்று கேட்கலாம். உரம் செய்வதற்கு அது இன்றியமையாதது. வயலுக்கு இடும் யூரியாவுக்குத் தேவையான அம்மோனியா, காற்றிலுள்ள நைட்ரஜனுடன் ஹைட்ரஜனைச் சேர்த்துச் செய்யப்படுகிறது. எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகளுக்கும் அது வேண்டும். 2023-ஆம் ஆண்டில் உலகம் பயன்படுத்திய ஹைட்ரஜன் ஒன்பதரைக் கோடி டன்னுக்கும் அதிகம். அதில் பெரும்பகுதி நீரிலிருந்து வரவில்லை. இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வந்தது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோகிராம் ஹைட்ரஜன் எடுத்தால், ஏறத்தாழ 9 அல்லது 10 கிலோகிராம் கரியமில வாயு வானில் கலக்கிறது. அவ்வாயு பூமியின் வெப்பத்தை உயர்த்துவதை நாம் எல்லோரும் அறிவோம். ஆகவே வெயிலாலும் காற்றாலும் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு நீரிலிருந்தே ஹைட்ரஜனை எடுத்தால் என்ன என்ற எண்ணம் உலகெங்கும் வலுப்பட்டிருக்கிறது.

இந்த எண்ணம் புதியதன்று. 1923-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற உயிரியல் அறிஞர் இதை விவரித்திருக்கிறார். காற்றாலைகள் வரிசையாக நிற்கும். காற்று மிகுந்த காலத்தில் எஞ்சும் மின்சாரத்தால் நீரைப் பிரித்து, ஹைட்ரஜனைத் திரவமாக்கிச் சேமித்து வைப்பார்கள் என்று அவர் முன்கூட்டியே சொன்னார். அந்த ஹால்டேன் பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானார். நம் நாட்டிலேயே 1961-இல் பஞ்சாபின் நங்கலில் ஓர் உர ஆலை எழுந்தது. பக்ரா, நங்கல் அணைத் திட்டத்தின் மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனால் அங்கு உரம் செய்தார்கள். பிற்காலத்தில் அவ்வாலை வேறு மூலப்பொருள்களுக்கு மாறிவிட்டது. ஆயினும் இந்த வேலை நம்மால் ஆகக்கூடியதே என்பதற்கு அது சான்று.

இப்போது பிளாட்டினத் தகட்டுக்கு வருவோம். நீரைப் பிரிக்கத் தேவையான மின்னழுத்தம் கணக்குப்படி 1.23 வோல்ட். ஆனால் அந்த அளவு கொடுத்தால் குமிழி எழுவதில்லை. ஆலைகளில் 1.8 வோல்ட், 2 வோல்ட் என்று கொடுக்க வேண்டியிருக்கிறது. ஏன்? கோயம்புத்தூரிலிருந்து கேரளத்துக்குப் போக விரும்பும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. போய்ச் சேரும் இடம் எந்த உயரத்தில் இருந்தாலும், மலையுச்சியை ஏறிக் கடக்கும் உழைப்பு தனியாக உண்டு. பாலக்காட்டுக் கணவாய் தெரிந்தவருக்கு அந்த உழைப்பு மிச்சம். புறப்பட்ட இடமும் சேரும் இடமும் மாறவில்லை. வழி மட்டும் மாறியது. ரசாயன மாற்றத்தில் இத்தகைய கணவாயைத் திறந்துவிடும் பொருளுக்கு ஊக்கி என்று பெயர். அது வேலையை எளிதாக்கும். வேலை முடிந்ததும் தான் செலவாகாமல் நிற்கும்.

மின்னழுத்தத்தில் 0.1 வோல்ட் மிச்சமானால் என்ன பெரிய லாபம் என்று எண்ண வேண்டாம். ஒரு கிலோகிராம் ஹைட்ரஜனுக்கு இரண்டரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் மிச்சமாகும். நாள்தோறும் 1,000 கிலோகிராம் ஹைட்ரஜன் எடுக்கும் ஆலையில் அது 2,500 யூனிட்டுக்கும் அதிகம்.

பிளாட்டினம் ஏன் இதில் சிறந்து விளங்குகிறது? அக்காலத்துச் சத்திரங்களை எண்ணிப் பாருங்கள். வழிப்போக்கர் வந்து தங்கவும் வேண்டும். இளைப்பாறியதும் புறப்பட்டுப் போகவும் வேண்டும். வருவோரை உள்ளே அழைக்காத சத்திரத்தாலும் பயனில்லை. வந்தவரை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் சத்திரத்தாலும் பயனில்லை. நீரிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அணுக்கள் உலோகத்தின் மேற்பரப்பில் சற்றே தங்கி, இரண்டிரண்டாக இணைந்து, வாயுவாகப் புறப்பட வேண்டும். தங்கத்தின் மேல் அவை சரியாகத் தங்குவதில்லை. டங்ஸ்டனின் மேல் ஒட்டிக்கொண்டு விடுவதில்லை. பிளாட்டினம் இரண்டுக்கும் நடுவே அளவாக நிற்கிறது. ஊக்கிகளுக்கு உரிய இந்த நடுநிலைத் தத்துவம் 1912-இல் நோபெல் பரிசு பெற்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் பால் சபாட்டியே பெயரால் வழங்குகிறது.

இது ஹைட்ரஜன் எழும் எதிர்மின்வாயின் கதை. ஆக்ஸிஜன் எழும் நேர்மின்வாயில் வேலை இன்னும் கடினம். ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறு பிறக்க நான்கு எலெக்ட்ரான்கள் இடம் பெயர வேண்டும். அமிலச் சூழ்நிலையில் இவ்வேலையைச் செய்துகொண்டே கரையாமலும் நிற்கும் உலோகம் இரிடியம் ஒன்றே என்னும்படியான நிலைமை இருந்துவருகிறது. உலகச் சுரங்கங்களில் ஓர் ஆண்டில் கிடைக்கும் பிளாட்டினம் 200 டன்னுக்கும் குறைவு. இரிடியமோ 7 அல்லது 8 டன்தான். ஒரு சில லாரிகளில் ஏற்றிவிடலாம். அதுவும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்கா என்னும் ஒரே நாட்டிலிருந்து வருகிறது. இதற்கு மாறாக, நிக்கல் ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல் கிடைக்கிறது. இரும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உலகத்தின் உரத்துக்கெல்லாம் ஹைட்ரஜன் எடுக்க வேண்டுமானால், 8 டன் உலோகத்தை நம்பி இருக்க முடியுமா?

நிக்கலைக் கொண்டு நடக்கும் முறை ஒன்று நெடுநாளாக இருக்கிறது. அதில் அமிலத்துக்குப் பதிலாகக் காரநீரைப் பயன்படுத்துவார்கள். காரநீரில் நிக்கல் அரிக்கப்படுவதில்லை. ஆனால் அந்தப் பழைய இயந்திரங்கள் பெருத்த உருவம் உடையவை. மேகம் மறைத்ததும் குறைந்து, வெயில் அடித்ததும் கூடும் மின்சாரத்துக்கு ஏற்ப விரைந்து ஈடுகொடுப்பது அவற்றுக்கு எளிதன்று. 1960-களில் அமெரிக்காவில் உருவான மற்றொரு முறையில் மெல்லிய சவ்வொன்று இரு மின்வாய்களுக்கும் நடுவே நிற்கிறது. இயந்திரம் சிறியது, சுறுசுறுப்பானது. ஆனால் அந்தச் சவ்வு கடுமையான அமிலத்தின் தன்மை உடையது. அதனருகே நிக்கல் கரைந்துபோகும். அதனால் பிளாட்டினமும் இரிடியமும் அங்கே தேவைப்படுகின்றன. மலிவான ஊக்கியைத் தேடும் ஆராய்ச்சியின் முழு இக்கட்டும் இதில் அடங்கியிருக்கிறது.

அரிய உலோகத்தை விட்டு எளிய உலோகத்துக்கு வருவது முடியாத காரியமா? முன்பு ஒரு முறை முடிந்திருக்கிறது. 1909-இல் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஹேபர் அம்மோனியா செய்து காட்டியபோது, அவர் பயன்படுத்திய ஊக்கி ஆஸ்மியம். அதுவும் இரிடியத்தைப் போலவே மிக அரிதான உலோகம். அதை வைத்துக்கொண்டு உலகத்துக்கு உரம் செய்ய இயலாது. அல்வின் மிட்டாஷ் என்ற ரசாயன அறிஞரும் அவருடைய துணைவர்களும் ஆயிரக்கணக்கான பொருள்களைச் சோதித்தார்கள். தூய இரும்பு சரியாக வேலை செய்யவில்லை. ஆனால் ஸ்வீடன் நாட்டுச் சுரங்கத்திலிருந்து வந்த ஓர் இரும்புத் தாது அருமையாக வேலை செய்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, அந்தத் தாதுவில் கலந்திருந்த அசுத்தங்களே இரும்புக்குத் துணைபுரிந்தன என்று தெரிந்தது. பின்பு அவர்கள் அலுமினாவையும் பொட்டாஷையும் அளந்து இரும்பில் சேர்த்தார்கள். இன்றும் உலகத்து அம்மோனியா ஆலைகள் பெரும்பாலும் அந்த வகை இரும்பு ஊக்கியைக் கொண்டே நடக்கின்றன. நாம் உண்ணும் சோற்றில் அந்த இரும்புக்கும் பங்குண்டு.

இயற்கையும் இத்துறையில் நமக்கு ஆசான். பச்சை இலை ஒவ்வொன்றும் வெயிலைக் கொண்டு நீரைப் பிரித்து ஆக்ஸிஜனை வெளிவிடுகிறது. அங்கே இரிடியம் இல்லை. 4 மாங்கனீஸ் அணுக்களும் 1 கால்சியம் அணுவும் 5 ஆக்ஸிஜன் அணுக்களும் சேர்ந்த சிறு கூட்டம் ஒன்றே அவ்வேலையைச் செய்கிறது. 2011-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதன் அமைப்பை அணு அணுவாகக் கண்டு வெளியிட்டார்கள். சில நுண்ணுயிர்களோ, இரும்பும் நிக்கலும் அடங்கிய நொதிகளால் ஹைட்ரஜனை உண்டாக்குகின்றன. ஆனால் இதில் ஓர் உண்மையை மறக்கலாகாது. கடும் வெயிலில் இலையினுள் இருக்கும் இந்த அமைப்பு விரைவில் பழுதாகிறது; ஏறத்தாழ அரைமணிக்கு ஒரு முறை அதன் முக்கியமான புரதம் ஒன்றை இலை புதிதாகச் செய்து பொருத்திக்கொள்கிறது. உயிருள்ள இலைக்கு அது இயலும். நம் தகடுகளுக்கு இயலாது.

நுண்ணுயிர்களின் நொதிகளைப் பார்த்துப் பாடம் கற்றவர்கள் டென்மார்க்கு நாட்டு விஞ்ஞானிகள். மாலிப்டினம் சல்பைடு என்ற கறுப்புப் பொடி இயந்திரங்களுக்கு மசகாகப் பயன்படுவது. அதன் படலங்களின் ஓரங்கள் நொதிகளைப்போல் ஹைட்ரஜனை அளவாகப் பிடித்து விடக்கூடியவை என்று 2005-இல் அவர்கள் கணித்துச் சொன்னார்கள். 2007-இல் சோதனை செய்து பார்த்தபோது, படலத்தின் பரப்புக்கு ஏற்ப அன்றி, ஓரத்தின் நீளத்துக்கு ஏற்பவே வேலை நடப்பது தெளிவாயிற்று. 2008-இல் அமெரிக்காவில் டேனியல் நோசெராவும் மாத்யூ கானனும் கோபால்ட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்த படலம் ஒன்றைச் செய்தார்கள். ஆக்ஸிஜன் எழும்போது அது சிறிது கரையும்; கரைந்தது மீண்டும் வந்து படிந்து தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்ளும். 2013-இல் நிக்கல் பாஸ்பைடு என்ற பொருள் அமிலத்தில் நன்றாக வேலை செய்வதாகத் தெரியவந்தது.

நிக்கலைப் பற்றிய செய்தி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. காரநீரில் நிக்கல் தகடு நாளாக நாளாக நன்கு வேலை செய்யும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்திருந்தது. நிக்கல் பழகப் பழகத் தேர்கிறது என்று பலர் கருதினர். 1987-இலேயே இரும்பின் சுவடு இதில் பங்கு கொள்வதாகக் காட்டப்பட்டிருந்தது. 2014-இல் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தார் காரநீரிலிருந்த இரும்பின் கடைசிச் சுவட்டையும் நீக்கிவிட்டுச் சோதித்தார்கள். நிக்கலின் திறமை பெரிதும் குறைந்துவிட்டது. உழைத்ததில் இரும்புக்கு இன்றியமையாத பங்கு. புகழ் முழுவதும் நிக்கலுக்கு! அன்றிலிருந்து நிக்கலுடன் இரும்பை வேண்டுமென்றே சேர்த்துச் செய்கிறார்கள். காரநீரில் ஆக்ஸிஜனை எழுப்பும் மலிவான ஊக்கிகளில் அது முன்வரிசையில் இருக்கிறது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் ஆராய்ச்சி செய்த மாணவி ஒருத்தி, கோபால்ட் கலந்த கலவை ஒன்றைக் கரித்தகட்டின் மேல் பூசி, ஹைட்ரஜன் எழுப்பும் ஊக்கியாகச் சோதித்து வந்தாள். எங்கள் சோதனைக் கலத்தில் துணை மின்வாயாக ஒரு பிளாட்டினக் கம்பி இருந்தது. அதை வாங்கித் தந்தவன் நானே. முதல் நாள் சுமாராக வேலை செய்த தகடு, பத்தாம் நாள் நன்றாக வேலை செய்தது. முப்பதாம் நாள் பிளாட்டினத்துக்கு ஒப்பாக நின்றது. நான் பெருமகிழ்ச்சி அடைந்தேன். விஞ்ஞானக் கூட்டம் ஒன்றுக்கு எங்கள் கட்டுரையின் சுருக்கத்தையும் அனுப்பிவிட்டோம்.

ஒரு நாள் மாலை அவள் வந்து, "ஐயா, தேயவேண்டிய தகடு எப்படி நாளுக்கு நாள் தேறுகிறது? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்றாள். "நல்லது நடக்கும்போது சந்தேகம் எதற்கு அம்மா?" என்று நான் சொல்லிவிட்டேன். ஆசிரியர் சொல்லத் தகாத வார்த்தை அது. அவள் எதிர்த்துப் பேசவில்லை. பிளாட்டினக் கம்பியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கிராஃபைட் குச்சியை வைத்து, புதிய தகட்டுடன் முதலிலிருந்து தொடங்கினாள். ஒரு மாதம் கழிந்தது. தகடு முதல் நாள் இருந்தபடியே இருந்தது, தேறவில்லை.

நடந்தது இதுதான். நேர்மின்வாயாக நின்ற பிளாட்டினக் கம்பி அமிலத்தில் மிக மிகச் சிறிதளவு கரைந்து, நீரின் வழியே வந்து, எங்கள் தகட்டின்மேல் படிந்திருக்கிறது. பழைய தகட்டை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்தபோது அதன்மேல் பிளாட்டினத்தின் சுவடு தெரிந்தது. மலிவான ஊக்கி என்று நாங்கள் கொண்டாடியது அந்த விலையுயர்ந்த பிளாட்டினத்தையேதான். இத்தகைய ஏமாற்றம் எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. இத்துறையில் பல இடங்களில் இது நேர்ந்து, ஹைட்ரஜன் ஊக்கியைச் சோதிக்கும்போது பிளாட்டினத்தைத் துணை மின்வாயாக வைக்கலாகாது என்ற எச்சரிக்கை பின்னர் ஆராய்ச்சி ஏடுகளில் வெளிவந்தது. நாங்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். குறைந்த அளவையே உண்மையான அளவாக எழுதி, அவள் மறுபடியும் ஒரு கட்டுரை அனுப்பினாள். அதற்குப் பாராட்டுக் கிடைக்கவில்லை. அவளுடைய ஆராய்ச்சிப் பட்டமும் ஓராண்டு தள்ளிப்போயிற்று. ஆயினும் அவள் எழுதிய எண்ணை இன்று யார் வேண்டுமானாலும் நம்பலாம்.

இரும்பின் கதையையும் பிளாட்டினத்தின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அழையாமல் வந்த விருந்தாளி ஒருவன் வேலை செய்திருக்கிறான். ஒன்றில், அவனைக் கண்டுபிடித்ததால் இன்னும் நல்ல ஊக்கி கிடைத்தது. மற்றொன்றில், அவனைக் கண்டுபிடித்ததால் ஒரு பொய் ஒழிந்தது. வேலை செய்தது யார் என்று விடாமல் கேட்பதே இரண்டுக்கும் வழி. மலிவான ஊக்கியைத் தேடுவோருக்கு இந்தக் கேள்வி மற்றெல்லோரையும்விட அதிகம் தேவை. ஏனெனில் அவர்கள் சொல்லை நம்பி நாளை ஒரு நாடு ஆலை கட்டக்கூடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலிவு என்பது உலோகத்தின் விலையை மட்டும் குறிப்பதன்று. நூறு மணி நேரத்தில் உதிர்ந்துவிடும் நிக்கலைவிட, ஆண்டுக்கணக்கில் நிற்கும் இரிடியம் மலிவு. ஆய்வகத்தில் விரல்நகம் அளவுள்ள தகட்டில் நன்றாக இருப்பது, ஆலையில் பாய்போல் விரிந்த தகட்டில் அப்படியே நடக்க வேண்டும். மேலும், ஹைட்ரஜனின் விலையில் பெரும்பங்கு மின்சாரத்தின் விலையே. ஊக்கி எவ்வளவு மலிவானாலும் 39 யூனிட் என்னும் இயற்கையின் விலை குறையாது. ஆகவே ஒருபுறம் எளிய உலோகங்களைத் தேடுகிறார்கள். மறுபுறம் இரிடியத்தையே மிக மெல்லிய படலமாகப் பூசிக் குறைவாகச் செலவிட முயல்கிறார்கள். இன்னொருபுறம் காரத்தன்மையுள்ள சவ்வுகளைச் செய்து, புதிய முறை இயந்திரத்தில் நிக்கலும் இரும்பும் நிலைத்து நிற்க வழி காண்கிறார்கள். இம்மூன்றில் எது வெல்லும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

நம் நாடு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் ஒரு தேசியத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜனைத் தூய முறையில் செய்வது அதன் நோக்கம். இவ்வேலைக்கு அடிப்படையான மின்ரசாயனத்துக்கென்றே நம் தமிழகத்தில் ஒரு நிலையம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, காரைக்குடியில் 1953-இல் திறந்துவைக்கப்பட்ட மத்திய மின்ரசாயன ஆராய்ச்சி நிலையமே அது. நீரைப் பிரிக்கும் மலிவான ஊக்கிகளைப் பற்றி அங்கும் ஆராய்ந்து வருகிறார்கள். வெயிலும் காற்றும் நிறைந்த நாடு நம்முடையது. இரிடியம் நம்மிடம் இல்லை, இரும்பு இருக்கிறது. எனவே இந்தத் தேடலின் முடிவு நமக்கு மிகவும் வேண்டியது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவ அன்பர்களே! உங்கள் கல்லூரியில் நீரைப் பிரிக்கும் சோதனையைச் செய்யும்போது, எழும் குமிழிகளை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். பிளாட்டினத் தகட்டை எடுத்துவிட்டு, ஆசிரியரின் அனுமதியோடு கரிக்குச்சியையும் இரும்பாணியையும் நிக்கல் கம்பியையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். அமிலத்தில் ஒன்று, காரநீரில் ஒன்று என்று செய்து, எந்த மின்னழுத்தத்தில் குமிழி எழுகிறது என்று குறித்து வையுங்கள். எது கரைகிறது, எது நிற்கிறது என்றும் எழுதுங்கள். எதிர்பார்த்ததைவிட நல்ல விடை வந்தால், மகிழ்வதற்கு முன் ஒரு முறை, வேலை செய்தது யார் என்று கேளுங்கள்.

அந்த மாணவி இப்பொழுது வேறோர் ஊரில் ஆசிரியையாக இருக்கிறாள். சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்தபோது, தன் ஆய்வகத்தில் இருந்த பிளாட்டினக் கம்பியைப் பூட்டி வைத்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். சாவி யாரிடம் என்று கேட்டேன். "மாணவர்களிடம்தான் ஐயா. அதை எப்போது எடுக்கலாகாது என்று அவர்களுக்குத் தெரியும்" என்றாள்.